பிள்ளைகளின் மாலைப்பொழுது



வானொலிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது உங்கள் செவியை மட்டுமே கேட்கிறது. இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே நீங்கள் பூத்தொடுக்கலாம்; மிதிவண்டிக்கு எண்ணெய் இடலாம்; சன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கண்ணும் கையும் உங்கள் வசத்திலேயே இருக்கின்றன. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது, செவியோடு கண்ணையும் கையையும் சேர்த்துக் கேட்கின்ற ஒரு கருவியைப் பற்றி. வீட்டிலுள்ள சிறு பிள்ளைகள் கைப்பேசித் திரையின் முன்னே கழிக்கும் பொழுதைப் பற்றி.

இதைப் பெற்றோரிடம் சொல்லாமல் எங்களிடம் ஏன் சொல்கிறீர் என்று நீங்கள் கேட்கலாம். பெற்றோருக்குப் பலரும் சொல்லியாயிற்று. ஆனால், தேர்வுக்குப் படிக்கும் நேரத்தில் ஐந்து வயதுத் தங்கை வந்து தொல்லை செய்தால், அவள் கையில் கைப்பேசியைக் கொடுத்து உட்கார வைப்பவர் பல வீடுகளில் நீங்கள்தாம். தம்பிக்குப் புதிய விளையாட்டு ஒன்றை அதில் ஏற்றிக் கொடுப்பவரும் நீங்கள்தாம். அன்றியும், இன்னும் பத்தாண்டுகளில் உங்களிற் பலர் பெற்றோராகவும் ஆகிவிடுவீர்கள்.

இந்தப் பொருளில் பிறரைக் குற்றஞ்சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனாத் தொற்றுநோயினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, நான் காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சிற்றூரின் உயர்நிலைப்பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்தேன். பாடங்கள் கல்வித் தொலைக்காட்சியில் வந்தன. மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் கைப்பேசி வழியாகவும் பாடம் அனுப்பினார்கள். கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளை பின்தங்கிப் போகுமே என்பது என் கவலை. மிதிவண்டியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். "எப்பாடுபட்டாவது ஒன்று வாங்கிக் கொடுங்கள், இல்லாவிட்டால் படிப்பு கெட்டுவிடும்" என்று வாசல்தோறும் நின்று சொன்னேன். வேலையே இல்லாதிருந்த அந்த நாளில் ஒரு தச்சர் தம் வீட்டு ஆடுகள் இரண்டை விற்று, எட்டாம் வகுப்பில் இருந்த தம் மகனுக்கு ஒரு கைப்பேசி வாங்கினார். என் சொல்லுக்கு இத்தனை மதிப்பா என்று அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

2022 மே மாதம் ஓய்வு பெற்றேன். இரண்டு மாதங்களுக்குப் பின் ஒருநாள் அந்தத் தச்சர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "ஐயா, வாங்கச் சொன்னீர்கள். வாங்கிக் கொடுத்தேன். இப்போது அதை அவன் கையிலிருந்து வாங்குவதற்கு ஒரு வழி சொல்லுங்கள்."

முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியர் தொழில் செய்தவன் நான். பயிற்சிக் கல்லூரியில் உளநூலும் படித்தவன். என்னிடம் விடை இல்லை. பையன் நள்ளிரவு தாண்டியும் தூங்குவதில்லை. காலையில் எழுப்பினால் சீறுகிறான். புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படிக்கிறான் என்றார். பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில் கிட்டப்பார்வை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். "நயமாகச் சொல்லிப் பாருங்கள்" என்றேன். அப்படி ஒரு சொல்லைக் கேட்பதற்காகவா அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார்? அவர் போன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. அதன் பின்புதான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் கண்ணைப் பற்றிப் படித்தேன். கைப்பேசியின் ஒளி கண்ணைச் சுட்டுக் கெடுத்துவிடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. நானும் அப்படியே நினைத்திருந்தேன். உண்மை அவ்வாறன்று. பிள்ளை வளரும்போது அதன் விழிக்கோளமும் வளர்கிறது. அது அளவுக்கு மேல் நீண்டுவிட்டால், தொலைவிலுள்ள பொருளின் உருவம் விழித்திரையின்மேல் விழாமல் அதற்குச் சற்று முன்னே விழுகிறது. அதுவே கிட்டப்பார்வை. இந்த நீட்சியைத் தடுத்து நிறுத்துவது எது என்பதுதான் கேள்வி.

2008ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்கு வழிகாட்டுகிறது. சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலும் வாழ்ந்த ஆறு, ஏழு வயதுச் சீன இனக் குழந்தைகளை அதில் ஒப்பிட்டார்கள். இனம் ஒன்று, வாழும் ஊர்தான் வேறு. சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் நூற்றுக்கு மூவருக்கே. சிட்னிப் பிள்ளைகள் குறைவாகப் படித்தார்களோ என்று உங்களுக்குத் தோன்றும். இல்லை, அவர்கள் படித்த புத்தகங்களே அதிகம். வேறுபாடு வேறோர் இடத்தில் இருந்தது. சிட்னிப் பிள்ளைகள் வாரத்தில் ஏறத்தாழ 14 மணி நேரம் வெட்டவெளியில் இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது மூன்று மணி நேரம்.

பிறகு சீனாவின் குவாங்சோ நகரில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். பன்னிரண்டு தொடக்கப்பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அவற்றிற் பாதியில் முதல் வகுப்புப் பிள்ளைகளை நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது, வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் நூற்றுக்கு 39 பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விடப்பட்ட பள்ளிகளில் 30 பிள்ளைகளுக்கு. தைவான் நாட்டில் 2010 முதல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியில் இருக்கச் செய்யும் திட்டம் நடந்து வருகிறது. ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வந்த பார்வைக் குறை அங்கே இறங்கத் தொடங்கியது.

காரணம் பகல் வெளிச்சம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. வகுப்பறை விளக்கின் ஒளி சில நூறு லக்ஸ் அளவே. வெளியே மரத்தடி நிழலில்கூட அது சில ஆயிரம் லக்ஸுக்குக் குறையாது. அந்த வெளிச்சத்தில் விழித்திரை டோபமின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதுவே விழி நீளாமல் காக்கிறது என்று கருதுகிறார்கள். ஆக, கைப்பேசி கண்ணுக்குச் செய்யும் கேட்டில் பெரும்பங்கு அது காட்டுவதனால் வருவதன்று. பிள்ளையை அது வீட்டுக்குள் இருத்திவிடுவதனால் வருவது. திரையை உற்று நோக்கும்போது இமைப்பது குறைந்து கண் உலர்ந்து எரிவது வேறு. அந்த எரிச்சல் ஓய்வு கொடுத்தால் தீரும். நீண்டுவிட்ட விழி திரும்பக் குறுகுவதில்லை. தச்சர் மகனுடைய கண்ணாடிக்குக் கைப்பேசிதான் காரணம் என்று நான் அறுதியிட்டுச் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றரை ஆண்டுக் காலம் அவன் மாலை நேரத்தில் வாய்க்கால் கரைக்குப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். அவனை உள்ளே உட்கார வைத்தவர்களில் நானும் ஒருவன்.

தூக்கத்தைப் பற்றி நீண்டு சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். இருட்டிய பிறகு நம் மூளையில் மெலடோனின் என்னும் பொருள் சுரந்து உறக்கத்தை அழைக்கிறது. கண்ணில் படும் வெளிச்சம் அதைத் தள்ளிப்போடுகிறது. பெரியவர்களைக் காட்டிலும் சிறு குழந்தைகளின் கண்ணில் இது மிகுதி. ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத தூக்கமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுவரை எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கமும் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். நான் கேட்கப் போவதில்லை.

இவற்றைவிட என் மனத்தைத் தொட்டது மழலையர் பற்றிய செய்தி. அமெரிக்காவில், ஒன்பது மாதக் குழந்தைகளிடம் சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து விளையாடிப் படித்துக் காட்டினர். பன்னிரண்டு அமர்வுகளில் அக்குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிரித்துணரக் கற்றுக்கொண்டன. அதே மனிதர், அதே பேச்சு, அதே நேர அளவு. ஆனால் நேரில் இல்லாமல் திரையில். இந்த முறையில் கேட்ட குழந்தைகள் எதையும் கற்கவில்லை. 2003இல் வெளியான ஆராய்ச்சி இது. குழந்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தது, ஆயினும் கற்கவில்லை. திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் முகம் ஒன்று எதிரே வேண்டியிருக்கிறது.

2009இல் இன்னொன்று வெளியாயிற்று. குழந்தைகளின் சட்டையில் சிறிய ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி, வீட்டில் அவை கேட்கும் சொற்களை எண்ணினார்கள். தொலைக்காட்சி ஓடிய ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர் வாயிலிருந்து குழந்தை கேட்ட சொற்களில் ஏறத்தாழ 770 குறைந்திருந்தன. குழந்தை தொலைக்காட்சியைப் பார்த்ததனால் வந்த குறை மட்டும் அன்று இது. பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் பேச்சு நின்றுபோகிறது! எழுநூற்று எழுபது சொல் என்றால் எவ்வளவு? நான் இதுவரை உங்களிடம் பேசியது அந்த அளவுக்குச் சற்றுக் குறைவாகவோ கூடுதலாகவோ இருக்கும். அவ்வளவு பேச்சு ஒரு மணி நேரத்தில் ஒரு குழந்தைக்கு இல்லாமற் போகிறது.

பழங்காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்லும் முதியவர் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். நான் பணியில் சேர்ந்த 1987ஆம் ஆண்டில் ஞாயிறு காலைகளில் தொலைக்காட்சியில் இராமாயணம் வந்தது. மொழி புரியாதவர்களும் திரண்டு போய்ப் பார்த்தார்கள். அப்போதும் பிள்ளைகள் கெடுகின்றன என்று பெரியவர்கள் சொல்லத்தான் செய்தார்கள். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அந்தத் தொடர் முடிந்தது. முடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லாரும் எழுந்து போனார்கள். இரவில் ஒளிபரப்பும் முடிந்தது. நாவலுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. கிட்டிப்புள்ளுக்குப் பொழுது சாய்வது உண்டு. வீட்டு முற்றத்து விளையாட்டுக்கு "சாப்பிட வா" என்ற தாயின் குரல் உண்டு. கைப்பேசியிலோ ஒரு காட்சி முடிவதற்குள் அடுத்தது தானே தொடங்குகிறது. விரலால் தள்ளத் தள்ளப் பக்கம் வந்துகொண்டே இருக்கிறது. எழுந்து போவதற்கான இடமே இல்லாதபடி அதை அமைத்திருக்கிறார்கள். நாம் பார்க்கும் நேரம் அவர்களுக்கு வருவாய். ஏழு வயதுப் பிள்ளை தானே நிறுத்திக்கொள்ளவில்லை என்று நாம் அடிக்கிறோம். அறுபத்து மூன்று வயதான நான் செய்தி பார்க்க எடுத்து, ஒரு மணி நேரம் கழித்துத் தலைநிமிர்ந்த நாட்கள் உண்டு.

எத்தனை மணி நேரம் பார்க்கலாம் என்று கேட்பீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு மட்டும் அளவு சொன்னது. இரண்டு வயது நிறையும்வரை உட்கார்ந்து திரை பார்ப்பதே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். குறைந்தால் இன்னும் நல்லது. அதற்கு மேற்பட்ட வயதினருக்கு ஒரே அளவாகச் சொல்வது கடினம். வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் தந்தை மகளின் முகத்தைக் கைப்பேசியில் பார்த்துப் பேசுகிறார். அதை யார் குறை சொல்வார்? காது கேளாத பிள்ளைகள் இருவர் கைச்சைகையால் உரையாடுவதும் அதே திரையில்தான். ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகங்களில் கணக்கு வைக்கக் கூடாதென 2024இல் சட்டம் செய்து, 2025 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. சட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பதில் எனக்கு ஐயம் உண்டு. கணக்கைத் தடுக்கலாம், மாலை ஏழு மணிக்கு வீட்டில் என்ன நடக்கிறது என்பதைச் சட்டம் பார்க்க முடியுமா?

அதைப் பார்த்தது ஒரு கிராமம். மராட்டிய மாநிலம் சாங்கிலி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்ற ஊர். ஏறத்தாழ 3,000 மக்கள். பள்ளிகள் மீண்டும் திறந்த பிறகு, பிள்ளைகள் வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு படிப்பையும் பேச்சையும் விட்டுவிட்டதை அவ்வூரார் கண்டார்கள். 2022ஆம் ஆண்டு விடுதலை நாளையொட்டி ஊராட்சியினர் பெண்களைக் கூட்டிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கோயிலில் ஒரு சங்கொலிக் கருவியைப் பொருத்தினார்கள். மாலை ஏழு மணிக்கு அது ஒலிக்கும். உடனே ஊர் முழுவதும் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் நிறுத்திவிட வேண்டும். எட்டரை மணிக்கு மறுபடி ஒலிக்கும். பிறகு அவரவர் விருப்பம்.

தொடக்கத்தில் சிரித்தவர்கள் உண்டு. இது நடக்குமா என்றவர்கள் உண்டு. ஊராட்சிப் பணியாளரும், அங்கன்வாடிப் பணியாளரும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வீடு வீடாகச் சென்று நினைவூட்டினார்கள். (ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வேலை இருப்பதை அங்கேதான் கண்டேன்.) நாளடைவில் வழக்கமாகிவிட்டது. அதில் நான் கவனித்தது ஒன்றுதான்: சங்கு பிள்ளைகளுக்காக மட்டும் ஊதவில்லை. தாத்தாவின் செய்திக்கும், அம்மாவின் தொடருக்கும், அப்பாவின் கைப்பேசிக்கும் சேர்த்தே ஊதியது. பக்கத்து வீட்டிலும் அதே நேரத்தில் அது நின்றது. ஆகவே, "அவன் மட்டும் பார்க்கிறானே" என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் இடமில்லாமற் போயிற்று.

இச்செய்தியைச் செய்தித்தாளில் படித்ததும் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தச்சர் வீட்டுக்குப் போனேன். எங்கள் ஊரில் சங்கு ஊத யாரும் முன்வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு முறை பேசிப் பார்த்தேன். ஆகவே ஒரு வீட்டளவில் தொடங்குவோம் என்றேன். தச்சர் உடன்பட்டார். அவர் மனைவியும் உடன்பட்டார். தச்சரின் தாயார் மட்டும் எட்டரை மணித் தொடரை விடமாட்டேன் என்றார். சரி, ஏழு முதல் எட்டரை வரை என்று முடிவாயிற்று. பையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றான். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "ஐயா, உங்கள் வீட்டிலும் வைப்பீர்களா?"

வைப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் நாளே தவறினேன். அடுத்த வாரம் அவனிடம் போய் அதை ஒப்புக்கொண்டபோது அவன் முதன்முறையாகச் சிரித்தான்.

அவர்கள் வீட்டில் நெல் அளக்கும் பழைய இரும்பு மரக்கால் ஒன்று இருந்தது. ஏழு மணியானதும் வீட்டிலுள்ள கைப்பேசிகள் மூன்றையும் அதற்குள் போட்டுப் பரண்மேல் வைத்துவிடுவார்கள். முதல் வாரம் நன்றாக இருந்ததாக யாரும் எண்ண வேண்டாம். பையன் பாயில் மல்லாந்து படுத்து ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கையோடு சண்டை. தச்சருக்கே கை குறுகுறுத்ததாம். பீடிக்கட்டைத் தேடுவதுபோல் மடியைத் தடவிக்கொண்டே இருந்தேன் என்றார். அந்த வெறுமையை உடனே ஏதாவது கொண்டு நிரப்பிவிட வேண்டாம் என்று சொன்னேன். அது ஒன்றுதான் நான் கொடுத்த நல்ல யோசனை. பத்து நாட்களுக்குப் பின் பாட்டி தாயக்கட்டையை எடுத்தார். பிறகு பையன் தந்தையின் பட்டறையில் உளி தீட்டிக் கொடுக்கப் போனான். புத்தகத்தை எடுத்தானா என்றால், எல்லா நாளும் எடுக்கவில்லை. தூக்கம் மட்டும் முன்னதாக வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாய்க்கால் கரைக்குப் போகத் தொடங்கினான். கண்ணாடி இன்றும் இருக்கிறது. அடுத்த பரிசோதனையிலும் அதன் அளவு சிறிது ஏறியிருந்தது. அதை மறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை.

பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றுப் பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். அந்த மகிழ்ச்சியைச் சொல்லத் தச்சர் என்னைத் தேடி வந்தார். நான்தான் முதலில் அவரைக் கைப்பேசியில் அழைத்திருந்தேன். ஏழரை மணி என்பதை மறந்துவிட்டேன். மரக்காலுக்குள் கிடந்து அது கோயில் மணிபோல் அடித்ததாம். யாரும் எடுக்கவில்லை. எட்டரைக்கு மேல் யார் அழைத்தது என்று பார்த்துவிட்டு, "ஐயாவே இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டுக்கொண்டே என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.